ஒழுகுது, அதனாலதான் நிக்குது

உலகத்துலயே உயரமான அணை எதுன்னு கேட்டா சீனாவைச் சொல்லுவாங்க, மனுஷன் கட்டினதை மட்டும் எண்ணினா அது சரிதான். ஆனா அதையெல்லாம் தாண்டி, சுமார் 567 மீட்டர் உயரத்துல ஒரு அணை தஜிகிஸ்தான்ல நிக்குது, பேரு உசோய், அதை யாரும் கட்டல.

தஜிகிஸ்தான்ல 90 சதவீதத்துக்கு மேல மலைதான், கடல்னா என்னன்னே தெரியாத நாடு. இந்தியத் தட்டு, அதாவது இந்தியாவைச் சுமக்குற பூமியோட மேலோட்டுத் துண்டு, வடக்குப் பக்கமா முட்டிக்கிட்டே இருக்குறதால பாமிர் மலை இன்னும் நெருக்கப்பட்டு உயருது, பள்ளத்தாக்கெல்லாம் செங்குத்தா இருக்கு, நிலநடுக்கமும் சகஜம். 1911 பிப்ரவரி 18 ராத்திரி அப்படி ஒரு பெரிய நடுக்கத்துல முர்காப் ஆத்தோட வலது கரை மலை பேந்து விழுந்துச்சு, சுமார் 2 கன கிலோமீட்டர் பாறை. உசோய்ங்கற கிராமம் ஆளுங்களோட அடியில புதைஞ்சு போச்சு. ஆறு அடைபட்டு தண்ணி ஏற ஏற மேல இருந்த சரேஸ் கிராமமும் மூழ்கிச்சு, இன்னைக்கு அந்த ஏரிக்குப் பேரே சரேஸ்தான். 55 கிலோமீட்டருக்கு மேல நீளம், ஆழம் கிட்டத்தட்ட 500 மீட்டர், நம்ம கணக்குல 600 டிஎம்சி பக்கம் தண்ணி.

மலை சரிஞ்சு உண்டாகுற அணைங்க பெரும்பாலும் கொஞ்ச நாள்லயே உடைஞ்சிடும், ஏன்னா தண்ணி நிறைஞ்சு மேல வழியும்போது தளர்ந்த மண்ணை அரிச்சு அரிச்சு வாய்க்கால் வெட்டிடும், அப்புறம் மொத்தமும் ஒரே நேரத்துல பாய்ஞ்சிடும். இங்க அது நடக்கல, காரணம் ஒழுகல்.

பக்கவாட்டுல மேல இருந்து கீழ வரைக்கும் ஓட்டை இருக்குற பானையைக் குழாயடியில வைங்க. தண்ணி ஏற ஏற புதுசு புதுசா ஓட்டை நனையும், கீழ் ஓட்டையில அழுத்தம் கூடும், ரெண்டும் சேர்ந்து வெளியேறுற அளவு கூடிட்டே வரும். ஒரு மட்டத்துல வர்றதும் போறதும் சமமாகி லெவல் நின்னுடும். உசோய்ல பெரிய பெரிய பாறைத் துண்டுங்களுக்கு நடுவுல இருக்குற சந்துதான் அந்த ஓட்டை. 1914லயே அடிவாரத்துல ஊத்து கிளம்பிடுச்சு, இப்போ வினாடிக்குச் சராசரியா 45 கன மீட்டர் பக்கம் வெளிய வருது. கோடையில பனி உருகும்போது லெவல் சில மீட்டர் ஏறும், ஒழுகலும் கூடும், குளிர்காலத்துல ரெண்டும் இறங்கிடும். அணையோட தாழ்வான இடத்துக்கும் ஏரிக்கும் இடையில இன்னும் சுமார் 50 மீட்டர் பாக்கி இருக்கு.

எனக்குப் பயமா இருக்குறது அணையை நினைச்சு இல்ல, ஏரியோட வலது கரையை நினைச்சுதான். அங்க ஒரு பெரிய மலைத்துண்டு தளர்ந்து நிக்குது, அது மொத்தமா தண்ணிக்குள்ள விழுந்தா எழும்புற அலை அணைக்கு மேலயே தாவிடலாம். அதனாலதான் கீழ பார்தாங் பள்ளத்தாக்கு கிராமங்கள்ல சைரன் வெச்சிருக்காங்க, சத்தம் கேட்டதும் மேட்டுக்கு ஓடணும்.