முழங்கால் நோவு பேஸ்புக்குக்கு எப்படித் தெரிந்தது?

இணுவிலில் இருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை குரல்பதிவு அனுப்பியிருந்தார். “தம்பி, விடியத் தங்கச்சியோட வட்ஸ்அப்பில முழங்கால் நோவைப் பற்றிக் கதைச்சனான். பின்னேரம் பேஸ்புக்கைத் திறந்தா, முழங்காலுக்குப் போடுற உறை விளம்பரமா வந்து நிக்குது. நாங்கள் கதைக்கிறதை ஒட்டுக் கேட்கிறாங்களோ?”

ஆளும் நோயும் மாறினாலும் இதே கேள்வி அடிக்கடி வருகிறது. ஒட்டுக் கேட்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை என்பதுதான் என் பதில். ஆனால் அதை விளங்கப்படுத்த, அவர் எந்தச் செயலியில் என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டியிருந்தது. கேட்டேன். ஆசிரியை அல்லவா, ஒழுங்காகப் பிரித்துச் சொன்னார்.

விடிய எழும்பியதும் வட்ஸ்அப். கனடாவின் ஸ்காபறோவில் இருக்கும் தங்கைக்கு அப்போதுதான் வேலை முடிந்து ஓய்வு. கோடைகாலத்தில் இங்கே காலை 6 மணி என்றால் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 8.30. ஜெர்மனியில் உள்ள அண்ணர் வைபரை விட்டு வரமாட்டார், ஆகவே அவருக்காக மட்டும் வைபர். பேஸ்புக் என்றால் மரண அறிவித்தல்கள், பழைய மாணவிகள் சங்கம், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தினமும் படங்கள். யூரியூப்பில் சமையலும் சமயப் பேச்சும். ரிக்ரொக்கில் கணக்கு இல்லை. ஆனால் உயர்தரம் படிக்கும் பேத்தியின் போனை வாங்கித் தவில் தனியாவர்த்தனத் துண்டுகள் பார்ப்பார். தவில் வித்துவான்களுக்குப் பேர்போன இணுவிலில் பிறந்தவருக்குத் தவில் கேட்காமல் இருக்க முடியுமா?

முதலில் ஒட்டுக் கேட்கும் சந்தேகத்தை முடித்துவிடுவோம். குரலை நன்றாகச் சுருக்கி வினாடிக்கு 16 கிலோபிட் என்று அனுப்பினாலும் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 7 மெகாபைட். நாள் முழுக்க என்றால் 170க்கு மேல், மாதத்துக்கு 5 கிகாபைட். டேற்றா கார்ட் போட்டுப் போட்டுப் பாவிக்கும் எங்கள் சனத்துக்கு இது தெரியாமல் போகுமா? போனுக்குள்ளேயே பேச்சை எழுத்தாக மாற்றி அனுப்பலாமே என்று கேட்டால், அதை ஓயாமல் செய்தால் பற்றரி இறங்கும், போன் சுடும். அதைவிட, யாழ்ப்பாணத்துப் பேச்சைப் பிழையில்லாமல் எழுத்தாக்கும் கருவி ஒன்று இரகசியமாக இருக்குமானால் அதை முதலில் வாங்குவது நானாகத்தான் இருப்பேன்.

இதை ஆய்வாகவும் பார்த்திருக்கிறார்கள். 2018இல் அமெரிக்காவின் நோர்த்ஈஸ்ரேர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 17,260 ஆண்ட்ரொய்ட் செயலிகளை ஆராய்ந்தார்கள். களவாக மைக்கைத் திறந்து ஒலியை அனுப்பியதற்குச் சான்று எதுவும் அகப்படவில்லை. அகப்பட்டது வேறொன்று: சில செயலிகள் திரையில் நடப்பதைப் பதிவுசெய்து வெளியாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. மைக்கைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இதைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று எனக்கு விளங்குவதில்லை.

வட்ஸ்அப்பில் 2016 ஏப்ரல் முதல் செய்திகளும் அழைப்புகளும் அனுப்புபவர் போனில் பூட்டப்பட்டுப் பெறுபவர் போனில்தான் திறக்கப்படுகின்றன. இடையில் உள்ள நிறுவனத்தால் உள்ளே வாசிக்க முடியாது. யார் யாருடன், எப்போது, எத்தனை தடவை பேசினார்கள் என்ற வெளிவிவரம் இந்தப் பூட்டுக்குள் வராது. ரீச்சர் தங்கையிடம் என்ன சொன்னார் என்பது தெரியாவிட்டாலும், நாள் தவறாமல் விடியக் கனடாவுடன் பேசுகிறார் என்பது தெரியும்.

அப்படியானால் அந்த உறை எப்படி வந்தது? இங்கேதான் எனக்குப் பிடித்த கணக்கு வருகிறது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும்.

2006 அக்டோபரில் நெட்பிளிக்ஸ் நிறுவனம் ஒரு போட்டி வைத்தது. ஏறத்தாழ 4,80,000 பேர் 17,770 படங்களுக்குக் கொடுத்த 10 கோடி மதிப்பெண்களை வெளியே விட்டு, யார் எந்தப் படத்துக்கு எத்தனை கொடுப்பார் என்று தங்கள் முறையைவிட 10 சதவீதம் திருத்தமாக ஊகிப்பவருக்கு 10 இலட்சம் டொலர் என்றார்கள். ஆட்களை வரிசையாகவும் படங்களை நிரலாகவும் வைத்து அட்டவணை போட்டால் கிட்டத்தட்ட 850 கோடிக் கட்டங்கள். நிரம்பியவை 10 கோடி. மிச்சம் வெறுமை. அந்த வெறுங்கட்டங்களை நிரப்புவதுதான் வேலை. அந்த டிசம்பரிலேயே சைமன் பங்க் என்ற புனைபெயரில் ஒருவர் தன் வழியை ஒளிக்காமல் இணையத்தில் எழுதிவிட்டார். 2009 செப்டெம்பரில் பரிசு வென்ற குழு வரை பலரும் அந்த யோசனையின் தோளில் ஏறித்தான் போனார்கள்.

யோசனை இதுதான். ஒவ்வோர் ஆளுக்கும் சில எண்கள், ஒவ்வொரு காணொளிக்கும் அதேயளவு எண்கள். ரீச்சருக்கு இரண்டே எண்கள் என்று வைப்போம்: 0.8, 0.4. நல்லூர்த் தேர் நேரலைக்கு 0.9, 0.1. ஒடியல் கூழ் காய்ச்சும் காணொளிக்கு 0.2, 0.9. முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் பெருக்கிக் கூட்டுங்கள். தேருக்கு 0.72 உடன் 0.04, ஆக 0.76. கூழுக்கு 0.16 உடன் 0.36, ஆக 0.52. கிரிக்கெட் காணொளி ஒன்றின் எண்கள் 0.1, 0 என்றால் அதற்கு வெறும் 0.08. தேர் முதலில், கூழ் அடுத்து, கிரிக்கெட் கண்ணிலேயே படாது. வரிசை தயார்.

முதல் எண் பக்தி, இரண்டாவது சமையல் என்று யாரோ பெயர் வைத்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். யாரும் வைக்கவில்லை. இயந்திரத்துக்கு நல்லூரும் தெரியாது, கூழும் தெரியாது. தொடக்கத்தில் எல்லா எண்களும் கண்ணை மூடிக்கொண்டு போட்டவை. பிறகு ஒவ்வொரு பிழைக்கும் ஒரு சிறு திருத்தம். அந்தத் திருத்தம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

முழங்கால் பயிற்சிக் காணொளி ஒன்று, எண்கள் 0.1, 0.3. ரீச்சரின் எண்களோடு பெருக்கிக் கூட்டினால் 0.20. முழுதாகப் பார்த்தால் 1, பார்க்காவிட்டால் 0 என்று கொண்டால், 0.20 என்பது பார்க்கமாட்டார் என்ற ஊகம். ஆனால் ரீச்சர் கடைசிவரை பார்த்துவிட்டார், அது 1. பிழை 0.80. அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 0.08ஐ, எடுத்து எண்களை நகர்த்த வேண்டும். ரீச்சரின் எண்களோடு காணொளியின் எண்களை 0.08 மடங்கு கூட்டினால் அவை 0.808, 0.424 ஆகின்றன. காணொளியின் எண்களோடு ரீச்சரின் பழைய எண்களை அதே மடங்கு கூட்டினால் 0.164, 0.332. இப்போது மறுபடி பெருக்கிக் கூட்டுங்கள். 0.20 ஆக இருந்தது 0.27 ஆகிவிட்டது. ஒரே ஒரு தடவை பார்த்ததற்கு இவ்வளவு.

இதை முதல்முறை கையால் போட்டுப் பார்த்தபோது என்னைப் பிடித்து வைத்த இடம், நகர்ந்தவை இரண்டு பக்கமும் என்பது. ரீச்சரின் எண்கள் மட்டும் மாறவில்லை, காணொளியின் எண்களும் மாறின. கோயிலும் சமையலும் பார்க்கும் ஒரு பெண்மணி இந்த முழங்கால் காணொளியை முழுதாகப் பார்த்தார் என்ற செய்தி, அந்தக் காணொளியின் மேலேயே ஒட்டிக்கொண்டது. அடுத்த நிமிடம் கனடாவின் மார்க்கமிலோ மட்டக்களப்பிலோ ரீச்சரைப் போன்ற எண்கள் உள்ள இன்னொருவர் போனைத் திறந்தால், அவருக்கும் அது கொஞ்சம் மேலே வரும். ரீச்சர் யாரையும் அறியார். அவர்களும் ரீச்சரை அறியார். கோடிக்கணக்கான ஆட்கள் இப்படி ஒருவர் எண்ணை ஒருவர் தள்ளித் தள்ளி, ஒரே விருப்பம் உள்ளவர்கள் தாமாகவே பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். பிறகு நாங்கள் வந்து பார்த்து, “ஓ, இந்த எண் பக்தி போல இருக்கு” என்று பெயர் வைக்கிறோம். இன்றைய செயலிகளில் இரண்டுக்குப் பதிலாகப் பெருந்தொகை எண்கள், இந்தப் பெருக்கலுக்கு மேலே அடுக்கடுக்காக நரம்புப் பின்னல் (neural network) எனப்படும் கணிப்புகள். அடித்தளம் இதுதான்.

சரி, “பார்த்தார்” என்பதை இயந்திரம் எப்படி அறிகிறது? அங்கேதான் செயலிக்குச் செயலி வித்தியாசம். வட்ஸ்அப் குடும்பக் குழுவில் ஊகத்துக்கு வேலையில்லை, செய்திகள் வந்த ஒழுங்கிலேயே நிற்கும், அவ்வளவுதான். பேஸ்புக்குக்கு முக்கியம் உறவு: யாருடைய பதிவுக்குக் கருத்து எழுதுகிறீர்கள், எதற்கு அழுகை முகம் போடுகிறீர்கள். மரண அறிவித்தலுக்கெல்லாம் அழுகை முகம் போடும் ரீச்சருக்கு மேலும் மேலும் மரண அறிவித்தலாகவே வருவதில் அதிசயமில்லை. துக்கத்துக்கும் ஆர்வத்துக்கும் வித்தியாசம் அந்த எண்களில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. யூரியூப் 2012இல் எத்தனை தடவை தட்டித் திறந்தார்கள் என்று எண்ணுவதை விட்டுப் பார்த்த நேரத்துக்கு முக்கியம் கொடுக்கத் தொடங்கியது. கூழ் காய்ச்சி முடியும்வரை காணொளி ஓடுமானால் அது பெரிய வாக்கு.

ரிக்ரொக்குக்கு நண்பர்களும் வேண்டாம், தேடலும் வேண்டாம். 15 வினாடித் துண்டுகள் என்றால் 10 நிமிடத்தில் 40 தீர்ப்புகள். தள்ளிவிட்டால் ஒரு தீர்ப்பு, திரும்பப் பார்த்தால் ஒரு தீர்ப்பு. ஆளை அவ்வளவு விரைவாகப் படித்துவிடுவதற்குக் காரணம் இரகசிய வித்தை எதுவுமில்லை, கேள்விகள் அத்தனை அடிக்கடி கேட்கப்படுகின்றன. ஆனால் அது படிப்பது ஆளை என்று நினைத்தால் தவறு, கணக்கைத்தான் படிக்கிறது. பேத்தியின் போனில் இப்போது கொரியப் பாட்டுக்கு நடுவே தவில் வருகிறதாம். “அம்மம்மா என்ர ரிக்ரொக்கைப் பழுதாக்கிப் போட்டா” என்று முறைப்பாடு. இரண்டு பேரும் ஒரே எண் வரிசைக்குள் அடைபட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு ஆள் உலகத்திலேயே இல்லை.

ஆக, ரீச்சர் ஒருவர், அவரைப் பற்றிய கணிப்புகள் பல. பேஸ்புக்கில் அவர் ஊர்த் துக்கத்தில் பங்குகொள்பவர், யூரியூப்பில் சமையற்காரி, ரிக்ரொக்கில் பதினெட்டு வயதுத் தவில் இரசிகை.

முழங்கால் உறைக்கு வருவோம். பேஸ்புக்குக்கு அவருடைய வயது தெரியும், அவரே கொடுத்தது. கடைகளின் இணையப் பக்கங்கள் பலவற்றில் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெற்றாவின் சிறு கணினி நிரல் ஒன்று இருக்கிறது, யார் வந்து என்ன பொருளைப் பார்த்தார் என்று அது சொல்லிவிடும். கடைக்காரர் தம்மிடம் வாங்கியவர்களின் பட்டியலைக் கொடுத்து “இவர்களைப் போன்றவர்களுக்குக் காட்டுங்கள்” என்றும் கேட்கலாம். “போன்றவர்கள்” என்பது மேலே போட்ட அதே மாதிரிக் கணக்கு. தங்கையோடு பேசிய பிறகு பயிற்சி ஏதாவது தேடினீர்களா என்று கேட்டேன். “ஓம், ஒரு வைத்தியரின்ர பக்கத்தில கொஞ்சம் வாசிச்சனான்” என்றார். பேச்சு நினைவில் நின்றது, விரல் தட்டியது மறந்துபோனது. இந்த வழிகளில் எது நடந்தது என்று வெளியில் இருந்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. எந்த வழிக்கும் காது தேவையில்லை.

வெளியில் இருந்து சொல்ல முடியாது என்பதுதான் என் ஆதங்கமும். பேஸ்புக்கில் எது எப்படிப் பரவுகிறது என்று ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் பார்க்கப் பயன்படுத்திய கிரவுட்ராங்கிள் என்ற கருவியை மெற்றா 2024 ஆகஸ்ட்டில் மூடிவிட்டது. இலங்கையோ ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதம்கூடச் செலவிடுவதில்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையின்போது அரசுக்குத் தெரிந்த ஒரே வழி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்குவது. கிளிநொச்சியில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, கணிதம் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வடக்கில் ஒரு பதினேழு வயதுக்காரனுக்கு இந்த எண்கள் என்ன காட்டுகின்றன என்று பார்க்க அவர்களுக்குப் பணம் கொடுங்கள். ஒரு திறப்பு விழாப் பந்தலின் செலவில் தொடங்கிவிடலாம்.

ரீச்சர் இன்னும் முழுதாக நம்பவில்லை. “ஆனா எனக்கு எத்தினையோ தரம் சரியா வந்திருக்கு” என்றார். காகம் கரைந்தால் விருந்தினர் வருவார் என்பதும் இப்படித்தான் எத்தனையோ தரம் சரியாக வந்திருக்கிறது. கரைந்தும் யாரும் வராத நாளை யாரும் எழுதி வைப்பதில்லை. அவர் பேசிய பிறகு விளம்பரம் வராத விஷயங்கள் நூறு இருக்கும், அவை நினைவில் தங்க ஒரு காரணமும் இல்லை.

அதனால் ஒரு பரிசோதனை சொல்லிக் கொடுத்தேன், நீங்களும் செய்யலாம். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத 10 பொருள்களைத் துண்டுகளில் எழுதுங்கள்: மீன்தொட்டி, கூடாரம், குதிரைச் சேணம், இப்படி. பேனையால் எழுதுங்கள், போனில் எழுதக்கூடாது. சுருட்டிக் குலுக்கி 5ஐ எடுங்கள். அந்த ஐந்தையும் பற்றி ஒரு கிழமை போனுக்குப் பக்கத்தில் இருந்து வாயாரக் கதையுங்கள். மற்ற ஐந்தையும் வாயே திறக்காதீர்கள். வரும் விளம்பரங்களைக் கொப்பியில் குறியுங்கள், பேசாத ஐந்துக்கு வந்தாலும் குறிக்க வேண்டும். கிழமை முடிவில் இரண்டு எண்ணிக்கைகளையும் ஒப்பிடுங்கள். இடையில் ஆசையில் ஏதாவது விளம்பரத்தைத் தட்டிவிட்டால் அந்தப் பொருளைக் கணக்கில் இருந்து எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு வருவது உங்கள் விரலுக்கு வந்தது. பேத்தியிடம் போனைக் கொடுக்கவும் கூடாது.