பாக்கரானா: சொல்லும் பொருளும்

ஆண்டிஸ் மலையின் சரிவுகளிலும் அதையொட்டிய மேற்கு அமேசான் மழைக்காடுகளிலும் வாழும் பெரிய கொறித்துண்ணி. 10 முதல் 15 கிலோ வரை எடை இருக்கும். பேறுகாலம் ஏழு மாதத்துக்கும் மேல். ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டிகள்தான். வேட்டையில் இழந்தால் எண்ணிக்கை எளிதில் மீளாது.

சொல் பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழியிலிருந்து வந்தது. 'பாக்கா' அதே காடுகளில் வாழும் வேறொரு கொறித்துண்ணி. 'ரானா' என்ற பின்னொட்டுக்குப் 'போன்றது' என்று பொருள். பூமா என்ற பெரிய காட்டுப்பூனையைப் பிரேசிலில் 'சுசுவரானா' என்பார்கள்; நிறத்தில் மானைப் போன்றது என்பதால் அந்தப் பெயர்.

பாக்கா, பாக்கரானா இரண்டுக்கும் கரும்பழுப்பு முதுகு, நீளவாக்கில் வெள்ளைப் புள்ளி வரிசைகள். குழப்பம் வந்தால் வாலைப் பாருங்கள். பாக்காவுக்கு வால் இருப்பதே தெரியாது. பாக்கரானாவுக்குச் சுமார் 20 செ.மீ. நீளத்தில் மயிரடர்ந்த வால் உண்டு. பின்னங்காலில் பாக்காவுக்கு 5 விரல், இதற்கு 4. உறவும் தூரந்தான்: பாக்கா கினிப்பன்றியின் கிளையைச் சேர்ந்தது, பாக்கரானா சின்சில்லா என்ற மென்மயிர்க் கொறித்துண்ணிக்கு நெருக்கம். தன் குடும்பத்தில் இன்று உயிரோடிருக்கும் ஒரே இனம் இதுதான். 'பாக்கா போன்றது, ஆனால் பாக்கா அல்ல' என்று துப்பி மக்களின் சொல் எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டது!

அறிவியல் பெயர் டைனோமிஸ் பிரானிக்கி. 1873இல் ஜெர்மன் விலங்கியலாளர் பீட்டர்ஸ் இட்டது. பிரானிக்கி ஒரு போலந்துப் பிரபு. 'டைனோமிஸ்' என்றால் கிரேக்கத்தில் அச்சமூட்டும் எலி. அதை அப்படியே பெயர்த்து 'பயங்கர எலி' என்று எழுதுவது தவறு. இது மெதுவாக நடந்து, பின்னங்காலில் குந்தி, உணவை முன்னங்கால்களில் ஏந்தித் தின்னும் சாதுவான விலங்கு. 'பெருச்சாளி'யும் பொருந்தாது, அது நம்மூர் எலிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

தமிழில் 'பாக்காப்போலி' என்பதே தகும். போலி என்றதும் மோசடி நினைவுக்கு வரலாம். ஆனால் பந்தல் பந்தராவதை இலக்கணம் போலி என்றுதான் சொல்கிறது. அங்கே பழிப்பு இல்லை, ஒப்புமைதான். 'ரானா'வின் பொருளும் அதுவே. ஆகார ஈற்றின் பின் வல்லினம் மிகும், 'ப்' விடக்கூடாது. ஒலிபெயர்த்து எழுதினால் 'பாக்கரானா' என்று இரட்டைக் ககரம் வேண்டும். 'பகரானா' என்றால் ககரம் மெலிந்து, பாக்காவோடுள்ள தொடர்பே அறுந்துபோகும்.