வேலிக் கற்றாழையைத் தீக்காயத்தில் பூசாதீர்கள்

தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை பார்க்கிற நான் இதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் சுடுதண்ணீர் பட்ட பிள்ளையின் கையில் வேலிக் கற்றாழைச் சாற்றைத் தேய்த்து, அது சிவந்து கொப்புளம் போட்ட பிறகுதான் லயத்திலிருந்து தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். பார்க்கவே மனசு தாங்காது.

வேலியில் நிற்கிற, நார் எடுக்கிற கற்றாழை வேறு, மருந்துக்குப் பயன்படும் சோற்றுக்கற்றாழை வேறு. சந்தேகம் என்றால் இலையைப் பிளந்து பாருங்கள். சோற்றுக்கற்றாழைக்குள் தெளிந்த, வழவழப்பான சோறு இருக்கும். மற்றதில் வெள்ளை நார் இழை இழையாக இழுபடும், நுனியில் பெரும்பாலும் கறுத்த முள் ஒன்று நிற்கும். அதன் சாற்றில் கல்சியம் ஒக்சலேட் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக இருக்கிறது, தோலில் ஏறினால் அரிப்பு, எரிச்சல், கொப்புளம், சிலருக்குக் காய்ச்சல்கூட. தீக்காயத்துக்கு ஓடுகிற குளிர்ந்த தண்ணீர் 20 நிமிடம் போதும், வேறெதுவும் பூச வேண்டாம்.

செடி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கண்டிப் பக்கம் சிங்களத்தில் ஹண என்கிற இந்தக் கற்றாழையின் நாரில் நெய்கிற தும்பறைப் பாய்க் கலையை 2021இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது, நம் மலைநாட்டுக்கே பெருமை. ஆனால் சிசல் என்கிற நார்க் கற்றாழையில் 100 கிலோ இலைக்கு நார் 4 கிலோ அளவுதான் தேறும், மிச்சமெல்லாம் சாறும் சக்கையும், அவ்வளவும் சுரண்டுகிறவர் கையிலும் முகத்திலும்தான் தெறிக்கிறது. அதனால் கயிறு திரிக்க நார் எடுத்தாலும் சரி, வேலியை வெட்டினாலும் சரி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். சாறு பட்டால் தேய்க்காதீர்கள், நிறையத் தண்ணீர் விட்டு அலசி அப்புறம் சவர்க்காரம் போடுங்கள். கண்ணில் தெறித்தால் 15 நிமிடமாவது சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள், வாகனம் இல்லையென்றால் 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள்.

முள்ளையும் லேசாக நினைக்க வேண்டாம். குத்திய அன்றே ஏற்பு ஊசி பற்றிக் கேளுங்கள். நுனி உடைந்து மூட்டுக்குள் தங்கினால் சில கிழமை கழித்து விரல் வீங்கி மடங்காமல் போகலாம், செடி முள் சாதாரண எக்ஸ்ரேயில் அநேகமாகத் தெரியாது. ஆகவே வைத்தியரிடம் “கற்றாழை முள் குத்தியது” என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், ஸ்கேன் எடுத்துத் தேட அது போதும்.