போர் விமானியின் கழுத்து ஏன் வலிக்கிறது?

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. ஹெல்மெட்டும் ஆக்சிஜன் முகமூடியும் சேர்ந்தால் இன்னொரு 2 கிலோ. தரையில் இந்த 7 கிலோவைக் கழுத்து தாங்குவதே நமக்குத் தெரியாது. போர் விமானம் 9 ஜி விசையில், அதாவது பூமியின் ஈர்ப்பைப்போல் 9 மடங்கு விசையில், வளைந்து திரும்பும்போது அதே தலை 63 கிலோ போல அழுத்தும். ஆனால் விமானியின் கழுத்தைக் கெடுப்பது இந்த எடை மட்டுமல்ல. தலை நேராக, இருக்கையின் தலைச்சாய்வில் பதிந்திருந்தால் முள்ளெலும்புகள் வரிசையாக அடுக்கி நின்று சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தச் சுமை வந்து இறங்கும் நொடியில் தலை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதே முக்கியம்.

வான்சண்டையில் ஆபத்து பெரும்பாலும் பின்னாலிருந்து வரும். ஆகவே விமானி விமானத்தை வளைக்கக் கட்டுப்பாட்டுக் கோலை இழுத்துக்கொண்டே தோளுக்கு மேலாகப் பின்னால் திரும்பிப் பார்ப்பார். அப்போது கழுத்து ஒரே நேரத்தில் முறுக்கி, பின்சாய்ந்து, பக்கவாட்டிலும் வளைகிறது. முள்ளெலும்புகளின் பின்புறத்தில் உள்ள சிறு மூட்டுகள் ஒரு பக்கம் மட்டும் நெரிபடுகின்றன. நரம்பு வெளியே வரும் துளை அந்தப் பக்கம் குறுகுகிறது. ஜவ்வுத் தட்டு ஓரமாக நசுங்குகிறது. கழுத்தின் 5, 6, 7ஆம் முள்ளெலும்புகளுக்கு இடைப்பட்ட தட்டுகள்தான் அதிகம் தேய்கின்றன.

தசை தயாராக இருக்கும்போது வரும் சுமையும், தயாராகாதபோது வரும் சுமையும் ஒன்றல்ல. நவீன விமானங்களில் ஜி விசை ஓரிரு நொடிகளில் உச்சத்தைத் தொட்டுவிடும். கோலைப் பிடித்திருப்பவருக்கு அது எப்போது வரும் என்று தெரியும். பின்னிருக்கையில் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. 'இழுக்கிறேன்' என்று முன்னிருக்கையிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும், அவர் தலையைப் பதித்துக்கொள்வார். செலவே இல்லாத பாதுகாப்பு இது. ஜி-எதிர்ப்பு உடை கழுத்துக்கு உதவும் என்று நினைக்க வேண்டாம். கால்களையும் வயிற்றையும் இறுக்கி, மூளைக்கு ரத்தம் குறையாமல் காப்பதே அதன் வேலை.

ஹெலிகாப்டரில் கதை வேறு. அங்கே ஜி விசை குறைவு. அடிவாங்குவது பெரும்பாலும் இடுப்பு. வலக்கை கால்களுக்கு நடுவே உள்ள, திசையை மாற்றும் சைக்ளிக் கோலை விடவே முடியாது. இடக்கை இருக்கையின் பக்கத்தில் தாழ்வாக உள்ள, ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் கலெக்டிவ் நெம்புகோலைப் பிடித்திருக்கும். இரண்டையும் பிடிக்க உடல் முன்னாலும் சற்று இடப்பக்கமும் சாய்கிறது, இடுப்பின் இயல்பான வளைவு தட்டையாகிறது, அப்படியே மணிக்கணக்கில் ஓட்ட வேண்டியிருக்கிறது. அதோடு அதிர்வும் சேர்கிறது. உட்கார்ந்த உடல் நொடிக்கு 4 முதல் 6 தடவை வரும் மேல்கீழ் அதிர்வுக்குத்தான் மிக அதிகமாக ஆடும். பிளாக் ஹாக் ஹெலிகாப்டரின் பெரிய சுழலி நிமிடத்துக்கு 258 சுற்று, அதாவது நொடிக்கு 4.3. இறக்கைகளின் சமநிலை சற்றுப் பிசகினால் அதிர்வு நேராக இந்த எல்லைக்குள் வந்து விழும். சுழலியைச் சமன்செய்வது இயந்திரப் பராமரிப்பு மட்டுமல்ல, முதுகுப் பராமரிப்பும்தான்.

இரவில் கழுத்தும் சிக்கிக்கொள்கிறது. தலையின் எடைமையம் கழுத்தின் மேல் மூட்டுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. முன்னால் இருக்கிறது. 5 கிலோ தலை முன்னோக்கி இழுக்கும் திருப்புவிசை 10 கிலோ-செ.மீ. இரவுப்பார்வைக் கண்ணாடி 600 கிராம்தான். ஆனால் அது சுமார் 20 செ.மீ. முன்னால் தொங்குகிறது. அதன் பங்கு மட்டுமே 12. பின்கழுத்துத் தசைகள் இருமடங்குக்கு மேல் உழைக்க வேண்டும். ஹெல்மெட்டின் பின்னால் எதிர்எடை கட்டினால் இந்த முன்னிழுப்பு குறையும், மொத்தச் சுமையோ கூடும். அதனால் தலையை நிமிர்த்தியிருக்கும்வரைதான் எதிர்எடை உதவும். அந்தக் கண்ணாடி பெரும்பாலும் 40 பாகை அகலம்தான் காட்டும் என்பதால், கண்ணால் பார்த்திருக்க வேண்டியதற்கெல்லாம் தலையைத் திருப்ப வேண்டியிருக்கிறது.

தடுப்பில் முதலில் வருவது வரிசைமுறை: தலையை முதலில் திருப்பி, தலைச்சாய்விலோ விதானத்திலோ (விமானியறையின் கண்ணாடி மூடி) முட்டுக்கொடுத்து, அதன் பிறகு கோலை இழுக்க வேண்டும். விசை ஏறிய பின் தலையை நகர்த்தக் கூடாது. திரும்பும்போது கழுத்தை மட்டும் முறுக்காமல் தோளையும் மேலுடலையும் சேர்த்துத் திருப்பினால் முறுக்கின் ஒரு பகுதியை முதுகு ஏற்றுக்கொள்ளும். பறப்பதற்கு முன் உள்ளங்கையை நெற்றியிலும், பிடரியிலும், இரு பக்கமும் மாறி மாறி வைத்து, தலை அசையாமல் 5 முதல் 10 நொடி லேசாக அழுத்தலாம். கடினமான கழுத்துப் பயிற்சியைப் பறக்காத நாள்களுக்கு ஒதுக்குவது நல்லது. களைத்த தசை மூட்டைக் காக்காது. அதிலும் கழுத்தின் முன்பக்க ஆழ்தசைகளிலிருந்து தொடங்க வேண்டும். பலரும் பிடரித் தசையை மட்டும் வளர்த்து இவற்றை விட்டுவிடுகிறார்கள். ஹெலிகாப்டர் விமானிக்கு இடுப்புத் தாங்கியும் சரியான இருக்கை உயரமும் வேண்டும். வலது முன்கை தொடையில் இயல்பாகத் தங்கினால் குனிவு குறையும்.

பறக்கும் தகுதி போய்விடுமோ என்ற பயத்தில் வலியை மறைப்பவர்கள் உண்டு. அந்தப் பயம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் மயக்கம் தரும் வலிநிவாரணி அல்லது தசைத்தளர்த்தி மாத்திரையைத் தானே வாங்கிப் போட்டுக்கொண்டு பறப்பது வலியைவிட ஆபத்தானது. சாதாரணத் தசைப்பிடிப்பு பெரும்பாலும் சில நாள்களில் சரியாகிவிடும். கைக்கு இறங்கும் வலி, விரல் மரத்துப்போதல், பிடி தளர்தல், நடை தடுமாறுதல், சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே விமானப்படை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; அவர் பார்த்து முடிவு சொல்லும்வரை விமானத்தில் ஏறக் கூடாது.