திருடுபோன டேப்பும் பேக்கப் இல்லாத செஷனும்

ஹார்ட் டிஸ்க் செத்துப்போன மறுநாள் என் ஸ்டூடியோவுக்கு ஓடிவரும் பேண்ட் பசங்களில் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுவார். "அண்ணா, க்ரீன் டேவுக்கே மாஸ்டர் டேப் திருடு போச்சு. அப்புறம்தான் 'அமெரிக்கன் இடியட்' ஆல்பம் வந்துச்சு. நமக்கும் ஏதோ நல்லதுக்குத்தான் இருக்கும்." நானும் தலையாட்டிக்கொண்டே, "சரிப்பா, வேற எங்கயாவது காப்பி இருக்கா?" என்று கேட்பேன். இருக்காது.

ஒலிப்பதிவு, மிக்ஸிங் என்று இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். அந்தக் கதை உண்மைதான். ஆனால் நம் பசங்க அதைச் சொல்லித் தங்களைத் தேற்றிக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கதையை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், கில்மன் தெருவில் இருந்த ஒரு சின்ன பங்க் (வேகமான, முரட்டு ராக்) கிளப்பைச் சுற்றி வளர்ந்த பேண்ட் க்ரீன் டே. பாட்டும் கிட்டாரும் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங், பேஸ் மைக் டர்ன்ட், ட்ரம்ஸ் ட்ரே கூல். 1994ல் ரிப்ரைஸ் கம்பெனி வெளியிட்ட 'டூக்கி' அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதியைத் தொட்டது. பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று வளர்த்த அந்தக் கிளப்பே அவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. பங்க்காரர்களின் ரோஷம் அப்படி. 2000ல் வந்த 'வார்னிங்' விற்பனையில் பழைய உயரத்தின் பக்கத்தில்கூடப் போகவில்லை. 2002ல், தங்களுக்குப் பின்னால் புகழுக்கு வந்த ப்ளிங்க்-182 குழுவோடு மேடையைப் பங்கிட்டுக்கொண்டு சுற்றுப்பயணம் போனார்கள். 'இவர்கள் கதை முடிந்தது' என்று பேச்சு கிளம்புகிற கட்டம்.

2003ல் ஓக்லண்டில் உட்கார்ந்து 'சிகரெட்ஸ் அண்ட் வாலண்டைன்ஸ்' என்ற ஆல்பத்துக்காகக் கிட்டத்தட்ட இருபது பாட்டுகளைப் பதிவுசெய்தார்கள். அந்த மாஸ்டர்கள், அதாவது மூலப் பதிவுகள், ஸ்டூடியோவிலிருந்து திருடு போயின. தங்கள் தயாரிப்பாளர் ராப் கவால்லோவிடம் போய் என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். அவர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: தொலைந்துபோனது உங்களால் முடிந்ததிலேயே சிறந்ததா? அவர்களால் மனசாட்சியோடு ஆமாம் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் கதையை நிறுத்திவிடுகிறார்கள், திருடன் ஏதோ வரம் கொடுத்துவிட்டுப் போன மாதிரி. அந்த மூன்று பேரிடம் அப்போது என்னென்ன மிச்சம் இருந்தது என்று பாருங்கள். ஒரு கோடி விற்ற பெயர் இருந்தது. மறுபடி பதிவுசெய்யப் பணம் போட ஒரு கம்பெனி, பத்து வருடமாகத் தங்களைத் தெரிந்த ஒரு தயாரிப்பாளர், அவசரமில்லாமல் ஸ்டூடியோவில் உட்கார்ந்து விளையாட நாட்கள், எல்லாம் இருந்தன. என்னிடம் வரும் பசங்களிடம் இதில் எது இருக்கிறது?

சில வருடங்களுக்கு முன்னால் நான்கு பேர் வந்தார்கள். ஐடி வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் மட்டும் வாசிப்பவர்கள். முதல் ஈ.பி. (சில பாட்டு மட்டும் உள்ள சின்ன ஆல்பம்) கொஞ்சம் பேர் கவனிக்கும்படி போயிருந்ததால் அடுத்தது பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஒரு ஊர், ஒரு பையன், ஒரு மழை நாள்; பதினொரு பாட்டும் சேர்ந்து ஒரே கதை. ஆறு மாதம் பதிவு நடந்தது. 'மிக்ஸை வேறு இடத்தில் செய்கிறோம்' என்று டிஸ்கை எடுத்துக்கொண்டு போனார்கள். ரயிலில் பை காணாமல் போனது. வேலை முடிந்து மூன்று மாதம் வரை செஷனை, அதாவது அந்த வேலையின் எல்லாப் பதிவு ஃபைல்களையும், வைத்திருப்பது அப்போது என் வழக்கம். இவர்கள் என்னிடம் திரும்பி வந்தது ஐந்தாவது மாதம். மறுபடி பதிவு செய்யப் பணம் இல்லை. யார் மேல் தப்பு என்று நால்வருக்குள்ளும் சண்டை. ட்ரம்மர் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆல்பமும் இல்லை, பேண்டும் இல்லை. தொலைந்துபோனது அவர்களால் முடிந்ததிலேயே சிறந்ததா என்று யாராவது கேட்டிருந்தால், ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்த மூன்று மாதக் கணக்கு இன்னமும் என்னை உறுத்துகிறது. இப்போது அழிக்கும் முன் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகுதான் அழிக்கிறேன்.

சரி, க்ரீன் டே பக்கம் திரும்புவோம். புதிதாக ஆரம்பித்தபோது நடந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒருநாள் ஸ்டூடியோவில் தனியாக இருந்த மைக் டர்ன்ட், முப்பது நொடியில் முடிகிற ஒரு பாட்டைப் போட்டு வைத்தார். அதைக் கேட்ட பில்லி ஜோ, அதன் வாலில் தானும் முப்பது நொடி சேர்த்தார். ட்ரே கூலும் தன் பங்குக்குச் சேர்த்தார். போட்டி போட்டு ஒட்டிக்கொண்டே போனது, ஒன்பது நிமிடத்துக்கும் மேல் நீளும் 'ஹோம்கமிங்' ஆனது. பங்க் என்றால் இரண்டரை நிமிடத்தில் அடித்து முடித்துவிட்டு இறங்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். அந்தத் துண்டுகளை வைத்தே சட்டத்தை மீறிவிட்டார்கள். 'ஜீசஸ் ஆஃப் சபர்பியா'வும் ஒன்பது நிமிடம்தான், ஐந்து பகுதி. ஆல்பம் முழுக்க ஒரே கதை: புறநகரில் சலித்துப்போன ஒரு இளைஞன் வீட்டைவிட்டு நகரத்துக்குப் போகிறான். செயிண்ட் ஜிம்மி என்ற போக்கிரியின் நிழலில் விழுகிறான். ஒரு பெண்ணை நேசிக்கிறான். கடைசிப் பாட்டில் அவள் முகம் நினைவிருக்கிறது, பெயர் மறந்துவிட்டது. பின்னணியில் ஈராக் போர், தொலைக்காட்சி இரைச்சல். 2004 செப்டம்பரில், அமெரிக்கத் தேர்தலுக்குச் சில வாரம் முன்னால், 'அமெரிக்கன் இடியட்' என்ற பெயரில் ஆல்பம் வெளியானது. அமெரிக்க ஆல்பங்களின் பில்போர்டு பட்டியலில் முதல் இடம் அந்தக் குழுவுக்கு அப்போதுதான் முதன்முதலாகக் கிடைத்தது. சிறந்த ராக் ஆல்பத்துக்கான க்ராமியும் கிடைத்தது. 2010ல் பிராட்வேயில் மேடை நாடகமாகவும் ஏறியது.

தொழில்காரனாக நான் இதில் கவனிப்பது வேறு. இந்த ஆல்பத்தில் பாட்டுகள் ஒன்றோடொன்று தைக்கப்பட்டிருக்கின்றன. 'ஹாலிடே' முடிகிற இடத்தில் மூச்சு விடாமல் 'பூலவார்டு ஆஃப் ப்ரோக்கன் ட்ரீம்ஸ்' தொடங்கும். 'ஆர் வி த வெயிட்டிங்' அப்படியே 'செயிண்ட் ஜிம்மி'க்குள் பாயும். கதை சொல்கிற ஆல்பத்தில் இந்தத் தையல் முக்கியம். நம் பசங்க பேக்கப் எடுக்கும்போது சரியாக அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பாட்டுக்கு ஒரு எம்பி3 இருக்கும், வாட்ஸ்அப்பில் அனுப்பியது. டெம்போ எங்கே மாறுகிறது என்ற கணக்கு இருக்காது. எந்த டேக்கின் (ஒருமுறை வாசித்த பதிவின்) எந்தத் துண்டு எடுக்கப்பட்டது என்ற எடிட் விவரம் இருக்காது. இரண்டு பாட்டை இணைக்கிற மழைச் சத்தம் எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று கடவுளுக்கே வெளிச்சம். எம்பி3 ஃபைலில் முன்னும் பின்னும் சின்ன வெற்றிடம் சேர்ந்துவிடும் என்பதால், அதை வைத்துத் தையலைத் திரும்பப் போடவும் முடியாது. தைத்த இடத்தில் 'டக்' என்று ஒரு ஓட்டை கேட்கும்.

எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 24-பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு மோனோ ட்ராக் (ஒற்றை ஒலியின் தனிப் பதிவு) நிமிடத்துக்கு ஏறக்குறைய எட்டரை எம்பி. நாற்பது ட்ராக்கில் ஒன்பது நிமிடப் பாட்டு என்றால் மூன்று ஜிபி. வேண்டாத டேக்குகளையும் சேர்த்தால் பதினைந்து ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு ஆல்பமும் ஒரு சாதாரண எக்ஸ்டர்னல் டிஸ்கின் ஓரத்தில் அடங்கிவிடும்.

டேப் காலத்தில் காப்பி எடுப்பது லேசான வேலை இல்லை. 'அமெரிக்கன் இடியட்' ட்ரம்ஸை இரண்டு இன்ச் டேப்பில் பதிந்து, அந்த இறுக்கமான சத்தத்தோடு கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். அந்த அகல டேப் ஒரு ரீல் 2,500 அடி. நொடிக்கு 30 இன்ச் வேகத்தில் ஓட்டினால் 16 நிமிடம் சொச்சம்தான் வரும். ஒரு நீளப் பாட்டு பாதி ரீலுக்கு மேல் தின்றுவிடும். காப்பி எடுக்க இன்னொரு மெஷின், இன்னொரு ரீல் வேண்டும், காப்பியில் இரைச்சலும் ஒரு படி கூடும். அந்தக் காலத்தில் காப்பி எடுக்காமல் விட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இன்றைக்கு, இரண்டு கிட்டார் பெடல் வாங்குகிற காசில் இரண்டு டிஸ்க் வாங்கலாம் என்றிருக்கும்போது எடுக்காதவர்களைத் திட்டுவேன். திட்டியும் இருக்கிறேன்.

பெரிய கம்பெனிகளின் பாதுகாப்பு அறையும் சாஸ்வதம் இல்லை. 2008 ஜூனில் ஹாலிவுட் அருகே யுனிவர்சல் ஸ்டூடியோவில் பற்றிய தீயில் மாஸ்டர் டேப்புகள் எரிந்தன. அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பது 2019ல் ஒரு பத்திரிகை எழுதிய பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டது. எல்லாக் காப்பியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அதைக் காப்பி என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

நான் செய்வது இதுதான். செஷன் ஓடுகிற டிஸ்க் ஒன்று. ஸ்டூடியோவிலேயே, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கிற இரண்டாவது டிஸ்க். மூன்றாவது ஊரின் மறுகோடியில் என் அக்கா வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில். வாரம் ஒருமுறை சாப்பிடப் போகிற சாக்கில் மாற்றிக்கொண்டு வருவேன். க்ளவுட் வைத்திருக்கிறேனே என்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தானாக ஒத்திசைகிற ஃபோல்டரில் நீங்கள் தவறி அழித்தால் அங்கேயும் அழியும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பாடகியின் ஹார்மனி முழுவதையும் நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் அழித்தேன். காலையில் பார்த்தால் லேப்டாப்பிலும் இல்லை, க்ளவுட்டிலும் இல்லை. பழைய ஃபைலை மீட்கும் வசதி முப்பது நாளுக்கு இருந்ததால் பிழைத்தேன்.

அப்புறம், ப்ளக்-இன், அதாவது சத்தத்தை மெருகேற்றச் சேர்க்கிற குட்டி மென்பொருள். ஐந்து வருடம் கழித்துச் செஷனைத் திறந்தால் பாதி ப்ளக்-இன் புது கம்ப்யூட்டரில் ஓடாது. அதனால் வேலை முடிந்ததும் ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்து தனித்தனி வாவ் ஃபைலாக எடுத்து வைத்துவிடுங்கள், எஃபெக்ட்டோடு ஒன்று, இல்லாமல் ஒன்று. எந்த மென்பொருளிலும் வரிசையாக இழுத்துப் போட்டால் உட்கார்ந்துகொள்ளும். டெம்போவையும் பாட்டு வரிசையையும் காகிதத்தில் எழுதி அதே பெட்டியில் போடுங்கள். மாதம் ஒருமுறையாவது பேக்கப்பைத் திறந்து ஒரு பாட்டைக் கேளுங்கள். திறக்கும்போதுதான் அந்த டிஸ்க் என்றைக்கோ போய்விட்டது தெரியவந்த ஆட்கள் எனக்குத் தெரிந்தே மூவர்.

க்ரீன் டே 2009ல் அதே மாதிரிக் கதை ஆல்பம் இன்னொன்று செய்தார்கள், 'ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ப்ரேக்டவுன்'. மூன்று அங்கம், பதினெட்டுப் பாட்டு, தயாரிப்பு புட்ச் விக். அதுவும் க்ராமி வாங்கியது. என் காதுக்கு அது கொஞ்சம் திணித்த மூட்டை. இந்தத் தடவை எந்தத் திருடனும் உதவவில்லை என்று பசங்க கிண்டல் செய்வார்கள்.

போன மாதம் அந்தப் பழைய நால்வரில் பாட்டெழுதுகிறவர் போன் செய்தார். மறுபடி ஆரம்பிக்கிறார்களாம், ட்ரம்மர் மட்டும் புது ஆள். அதே மழை நாள் கதை, நினைவிலிருந்து.

"டிஸ்க் ரெண்டு வாங்கிட்டேன், அண்ணா."

"மூணாவது?"

"மாமியார் வீட்டுல வைக்கலாம்னு இருக்கேன். அங்க யாரும் எதையும் தூக்கிப் போட மாட்டாங்க."