சொல் விளக்கம்: இப்பொன்

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மைதானத்தில் அக்கா மகனுக்குக் கராத்தே போட்டி. அவனுக்கு முந்தைய ஆட்டத்தில் சிவப்பு பெல்ட் பையன் எகிறி உதைத்ததும் நடுவர் கையை உயர்த்தி, "அகா... இப்பொன்!" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "ஏங்க, அக்காவுக்கு எதுக்குங்க பொன்னு?" என்று என்னைக் கேட்டார். அவர் காதில் கோளாறு இல்லை. இ + பொன் = இப்பொன் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு அது தங்கமாகத்தான் கேட்கும். (அகா என்றால் ஜப்பானியத்தில் சிவப்பு. எதிராளிக்கு நீல பெல்ட். இப்பொன் என்பது கராத்தேயில் ஓர் அடிக்குக் கிடைக்கும் உச்சப் புள்ளி.)

ஜப்பானிய இப்பொன்னும் ஒரு புணர்ச்சிதான். இச்சி என்றால் ஒன்று. நாம் ஆட்களை எண்ணும்போது ‘மூன்று பேர்’ என்கிறோமே, அதுபோல நீளமான பொருள்களை எண்ணும்போது ஒட்டிக்கொள்ளும் சொல் ஹொன். பென்சிலுக்கும் அதுதான், பாட்டிலுக்கும் அதுதான். இச்சியோடு ஹொன் சேர்ந்தால் இப்பொன். மூன்றைக் குறிக்கும் சன்னோடு சேர்ந்தால் சம்பொன். தமிழாசிரியர் யாரும் இதைக் கேட்டு அசரமாட்டார்.

சரி, பெயரில் ஒன்று இருக்கிறது, ஸ்கோர் போர்டில் மூன்று ஏறுகிறதே? பழைய ‘ஷோபு இப்பொன்’ முறையில் ஒரு இப்பொன் விழுந்தால் ஆட்டமே முடிந்தது. கொஞ்சம் குறைவான நல்ல அடிக்கு வசா-அரி என்று பெயர். அது இரண்டு சேர்ந்தால் ஒரு இப்பொன். ஜூடோவில் இன்றைக்கும் இப்பொன் வந்தால் ஆட்டம் முடிவு. உலக கராத்தே கூட்டமைப்போ ஒரு காலத்தில் 1, 2, 3 புள்ளிகளை இப்பொன், நிஹொன், சம்பொன் என்று அழைத்தது. அப்புறம் அதையும் மாற்றி யூகோவுக்கு 1, வசா-அரிக்கு 2, இப்பொன்னுக்கு 3 என்று வைத்தது. ஒரே சொல், ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவிவிட்டது.

கைக்குத்துக்கு யூகோ. வயிறு, மார்பு, முதுகில் உதைத்தால் வசா-அரி. தலை, முகம், கழுத்துக்குப் போகும் உதைக்கும், கீழே விழுந்தவர் மேல் போடும் சுத்தமான அடிக்கும் இப்பொன். 8 புள்ளி முன்னிலை வந்தால் நேரம் மிச்சமிருந்தாலும் ஆட்டம் முடியும்.

தமிழில்? ‘முழுப்புள்ளி’ என்று எழுதலாம். எனக்கு அதில் முற்றுப்புள்ளி வாடை அடிக்கிறது. என் ஓட்டு ‘ஒரேயடி’க்கு. ஜப்பானியத்தில் மரத்தைக் குறிக்கும் எழுத்தின் அடிப்பக்கம் ஒரு கோடு போட்டால் அதுதான் ஹொன் எழுத்து. வேர் என்று பொருள். நம் ‘அடி’யிலும் மரத்தடி இருக்கிறது, வாங்குகிற அடியும் இருக்கிறது. ‘ஒரேயடியாக முடித்துவிட்டான்’ என்னும்போது பழைய இப்பொன்னைத்தான் சொல்கிறோம். உதைக்கு எப்படி அடி பொருந்தும் என்றால், அடி என்பது பாதமும்தானே. யூகோவுக்குச் ‘செல்லும்’ போதும், செல்லாக்காசுக்கு எதிர்ப்பதமாக. வசா-அரியை அப்படியே பெயர்த்தால் ‘வித்தை உண்டு’.

அக்கா மகனின் உதையும் அன்று தலைக்குத்தான் போனது. போன வேகத்தில் முதுகைக் காட்டி எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டான், புள்ளி தரும் நடுவர்களின் கொடி எழவில்லை. அடித்த பிறகும் எதிராளி மேலேயே நிற்க வேண்டிய கவனத்துக்கு ‘ஸன்ஷின்’ என்று பெயர், எஞ்சி நிற்கும் மனம். ‘விழிப்பு’ என்று போட்டால் பாதிதான் வருகிறது.