ஆம்ப் சுட்டால் ஸ்பீக்கர் பெட்டியையும் பாருங்கள்

போன மழைக்காலத்தில் மும்பை செம்பூரிலிருந்து ஒரு மாமா தன் பழைய ஜப்பான் ரிசீவரை, அதாவது ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்த பெட்டியை, தூக்கிக்கொண்டு சயானில் இருக்கும் என் ரிப்பேர் பட்டறைக்கு வந்தார். எட்டு மாதத்தில் மூன்றாவது முறையாக இடது சேனல் போயிருந்தது. முதல் இரண்டு முறையும் வேறொரு இடத்தில், ஸ்பீக்கருக்குக் கரன்ட் தருகிற அவுட்புட் டிரான்சிஸ்டர்களை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாலிடரிங் சுத்தம், டிரான்சிஸ்டருக்கு அடியில் சூட்டைக் கடத்தும் மைக்காவும் பேஸ்ட்டும் சரியாக வைத்திருந்தார்கள். ஆனால் இடது பக்க டிரான்சிஸ்டர்களைச் சுற்றி போர்டு காப்பி நிறத்தில் கருகியிருந்தது. வலது பக்கம் புதுசு போல இருந்தது.

“ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டு வரலையா மாமா?”

“அது எதுக்குப்பா? பெட்டி நன்னாத்தானே பாடறது. ஆம்ப்தான் சுடறது.”

பழைய ஸ்பீக்கரோடு வாழ்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். பாட்டு நன்றாகக் கேட்கிறது என்றால் பெட்டி நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். ஆம்ப்ளிஃபையரைக் கொல்கிற பெட்டி, கடைசி நாள் வரை நன்றாகவே பாடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மறுநாள் டாக்ஸியில் பெட்டிகள் வந்தன. இரண்டின் பின்னாலும் 8 ஓம் என்று ஸ்டிக்கர். ஓம் என்பது மின் தடையின் அளவு; அது குறையக் குறைய பெட்டி ஆம்பிலிருந்து அதிக கரன்ட்டை இழுக்கும். ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்தேன். வலது பெட்டி 6.6 ஓம். இடது பெட்டி 2.4.

இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 8 ஓம் பெட்டியில் மீட்டர் 8 காட்டாது. மீட்டர் அளப்பது கம்பியின் நேர்மின் தடையை மட்டும். அது சாதாரணமாக 5.5 முதல் 7 வரை இருக்கும். 4 ஓம் பெட்டி என்றால் 3, 3.5 காட்டும். கீச்சு ஒலி தரும் ட்வீட்டருக்கு முன்னால், நேர்மின்சாரத்தைத் தடுக்கும் ஒரு கண்டன்சர் இருப்பதால் மீட்டருக்கு ட்வீட்டர் தெரியவே தெரியாது. அது பார்ப்பது கனத்த ஒலி தரும் வூஃபரையும், அதற்கு முன்னால் இருக்கும் கம்பிச் சுருளையும்தான். மலிவு மீட்டராக இருந்தால் முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள், 0.3 அல்லது 0.4 காட்டும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

சரி, 2.4 எங்கிருந்து வந்தது? வூஃபரைக் கழற்றித் தனியாக அளந்தேன், 6 ஓம். வூஃபரில் தவறில்லை. வூஃபர் இல்லாத பெட்டியின் முனைகளில் மறுபடி மீட்டரை வைத்தேன். திறந்த சர்க்யூட் காட்ட வேண்டிய இடத்தில் 3.2 ஓம் காட்டியது. ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் பலகையை வெளியே எடுத்தால், வூஃபருக்குக் குறுக்கே இருக்கிற பைபோலார் (பிளஸ் மைனஸ் இல்லாத) எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சரின் உறை சுருங்கி, ஒரு முனை உப்பிக்கொண்டு நின்றது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆன சாமான். கண்டன்சராக இருந்தது, உள்ளுக்குள் ஷார்ட் ஆகி ஏறக்குறைய இரண்டரை ஓம் ரெசிஸ்டராக மாறியிருந்தது. அதனால் வூஃபருக்குப் போகும் ஒலி இரண்டு டெசிபலுக்கும் குறைவாகத்தான் குறைந்திருக்கும். காது அதைக் கண்டுபிடிக்காது. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒவ்வொரு நொடியும் கண்டுபிடிக்கும்.

அது எவ்வளவு சுமை என்று கணக்குப் பார்க்கலாம். பிளஸ் மைனஸ் 30 வோல்ட் சப்ளையில் ஓடும் சாதாரண ஏபி வகை ஆம்பில், 8 ஓம் சுமைக்கு ஒரு சேனலின் டிரான்சிஸ்டர்கள் அதிகபட்சமாகச் சுமார் 23 வாட் வெப்பத்தைத் தாங்க வேண்டியிருக்கும். 4 ஓமுக்கு அது 46 வாட். 2.4 ஓமுக்கு 76. சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் உலோகமோ 8 ஓமை மனதில் வைத்துச் செய்தது. இந்தக் கணக்கில் மேலே ஃபேன் வைப்பது தீர்வே இல்லை. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸ் போடுவது அதைவிட ஆபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள்.

கண்டன்சர் மாற்றும்போது கவனம் தேவை. சாதாரண பிளஸ் மைனஸ் உள்ள எலக்ட்ரோலைட்டிக்கை அங்கே போடக்கூடாது. எலக்ட்ரானிக் சாமான் கடைகள் இருக்கும் லாமிங்டன் ரோட்டில் பைபோலார் என்று கேட்டால் கொடுப்பார்கள், இரண்டு வடாபாவ் விலைதான். கிடைக்கவில்லை என்றால் ஒரே அளவுள்ள இரண்டு சாதாரண கண்டன்சர்களை மைனஸோடு மைனஸ் சேர்த்துத் தொடராகப் போடலாம். 10 மைக்ரோஃபேரட் இரண்டு சேர்ந்தால் 5 ஆகும். ஒரு பெட்டியில் போயிருந்தால் அடுத்த பெட்டியிலும் மாற்றிவிடுங்கள், இரண்டுக்கும் ஒரே வயது.

எல்லாப் பெட்டியிலும் கண்டன்சர்தான் என்று இல்லை. மும்பையில் நான் அதிகம் பார்ப்பது ஃபோம் போன வூஃபர். வூஃபரின் கூம்பான கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் இந்தக் கடல்காற்றிலும் ஈரத்திலும் சீக்கிரம் மக்கிப் போகிறது. விரலால் தொட்டால் பிசுபிசுவென்று உதிரும். வளையம் போனதும் கோன் ஒரு பக்கம் சாய்கிறது, கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் காந்த இடைவெளியில் உரசுகிறது. கம்பியின் எனாமல் தேய்ந்தோ, சூட்டில் கருகியோ பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் ஒட்டிக்கொள்கின்றன. அதன் பிறகு தடை இறங்கும். காயில் சூடாவதால் தடை குறைகிறது என்று சிலர் சொல்வது சரியில்லை. செம்பு சூடானால் தடை கூடத்தான் செய்யும். குறைகிறது என்றால் சுற்றுகள் ஷார்ட் ஆகிவிட்டன என்று அர்த்தம்.

இதற்கு மீட்டர்கூட வேண்டாம். ஆம்பை அணைத்துவிட்டு, நான்கு விரல்களையும் கோனின் நடுவைச் சுற்றிச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். காதைப் பக்கத்தில் வையுங்கள். சத்தமே இல்லாமல் போய் வர வேண்டும். மணல்தாளைத் தேய்த்தது போல மெல்லிய கரகரப்பு கேட்டால், அந்த வூஃபரை அன்றோடு நிறுத்துங்கள். அப்புறம் மீட்டர் வைத்து இடது வலது வூஃபர்களை ஒப்பிடுங்கள். ஒரே மாடலில் அரை ஓமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் சந்தேகப்படுவேன்.

சோர் பஜார் பழைய சாமான் சந்தையில் பெட்டி வாங்குகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எழுபதுகளின் ஜெர்மன் பெட்டிகளில் நிறைய 4 ஓம். ஜப்பான் பெட்டிகள் பெரும்பாலும் 8. அதைவிடப் பழைய பிரிட்டிஷ் பெட்டிகளில் 15, 16 ஓம் வரும், அவை ஆம்புக்கு எந்தத் தொந்தரவும் தராது. பின்னால் ஒட்டியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே யாரோ எப்போதோ 4 ஓம் வூஃபர் மாற்றிப் போட்டிருப்பார்கள், அல்லது கண்டன்சர் இல்லாமல் கூடுதலாக ஒரு ட்வீட்டரைச் சேர்த்திருப்பார்கள். பையில் ஒரு மீட்டர் எடுத்துப் போங்கள். ரிசீவரில் ஏ, பி இரண்டு பட்டன்களையும் அழுத்தி நான்கு பெட்டி ஓட்டும் வீடுகளிலும் இதே கதைதான். பெரும்பாலான ரிசீவர்களில் இரண்டு 8 ஓம் பெட்டிகள் சேர்ந்து 4 ஆகிவிடும். எவ்வளவு தாங்கும் என்று பின்பக்கமே அச்சடித்திருப்பார்கள், படித்துவிட்டு அழுத்துங்கள்.

குற்றம் பெட்டியிலா, ஆம்பிலா என்று சந்தேகம் வந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். அரை மணி நேரம் மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, மேல்மூடியின் துளைகளுக்கு மேலே இடது பக்கமும் வலது பக்கமும் உள்ளங்கையைக் காட்டுங்கள். இரண்டு சேனலுக்கும் தனித்தனி டிரான்சிஸ்டர்கள் என்பதால், பல மாடல்களில் எந்தப் பக்கம் சூடு என்று கைக்கே தெரியும். அணைத்து ஆறவிட்டு, ஸ்பீக்கர் ஒயர்களை இடம் வலமாக மாற்றி மாட்டுங்கள். மாட்டும்போது ஒரு செம்பு இழைகூட பக்கத்து முனையைத் தொடக்கூடாது. மறுபடி அரை மணி நேரம். சூடு பக்கம் மாறினால் பெட்டியில் கோளாறு. மாறாமல் அதே பக்கம் நின்றால் ஆம்பின் பயாஸையோ (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் கரன்ட்) காய்ந்துபோன பேஸ்ட்டையோ பார்க்க வேண்டும். ஆனால் தொட முடியாத அளவுக்குச் சுடுகிற ஆம்பில் இந்தச் சோதனை வேண்டாம். ஒரே ஒரு நல்ல சேனல்தான் மிச்சம் இருக்கும், அதையும் இழந்துவிடுவீர்கள். அந்தக் காலத்து அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் பலவும் இப்போது தயாரிப்பில் இல்லை. அசல் என்று சொல்லி விற்கும் போலிகள் நிறைய.

செம்பூர் மாமாவின் இரண்டு பெட்டிகளிலும் கண்டன்சர்களை மாற்றினேன். இடது பெட்டி 6.6 ஓமுக்கு வந்தது. புது டிரான்சிஸ்டர் ஜோடியைப் போட்டு, முதலில் கரன்ட்டைக் கட்டுப்படுத்த ஒரு பல்பைத் தொடராகப் போட்டுப் பார்த்து, பிறகு பல்பு இல்லாமல் நேராக வீட்டு கரன்ட்டில் அவர் கொண்டு வந்த கேசட்டுகளை இரண்டு மணி நேரம் ஓட்டினோம். அவர் ரிசீவரின் மேல் கையை வைத்து இடதும் வலதுமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கேப்பா” என்றார்.